நடையின் அளவில் ஒரு வாசிப்பு: அப்போஸ்தலர் பிரயாணங்களும் கொங்கு நாட்டு வாசகரும்

புதிய ஏற்பாட்டில் அடங்கிய 27 நூல்களுள், இயேசுவின் சீடர்கள் எருசலேமிலிருந்து புறப்பட்டு ரோமாபுரி வரையில் சென்ற வரலாற்றைத் தொடர்ச்சியாகச் சொல்லும் நூல் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஒன்றே. 28 அதிகாரங்களை உடைய அந்நூலை ஒரே அமர்வில் படித்து முடித்தவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் பகுதி பகுதியாகக் கேட்டு அறிந்தவர்கள் அவர்களினும் பலர். வேதாகமத்தின் கடைசித் தாள்களில் அச்சிட்டிருக்கும் தேசப்படத்தில் பல நிறக் கோடுகளாகக் கண்டு மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் மிகப் பலர். முந்தின நாள் எந்த ஊரில் நிறுத்தினோமோ அந்த ஊரிலிருந்தே மறுநாள் புறப்படும் முறையில், நாளொன்றுக்கு ஓர் அதிகாரமாகவோ அதனினும் குறைவாகவோ அதை வாசிப்பவருக்குப் புலனாகும் சரித்திரம், மேற்சொன்ன மூவகையாருக்கும் புலனாகும் சரித்திரத்தினின்றும் வேறானது என்பதும், அந்த வேறுபாடு பக்தியைச் சார்ந்ததாக மட்டும் இராமல் வரலாற்று உண்மையையும் சார்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதனைக் கொங்கு நாட்டு வெள்ளகோவிலிலிருந்து ஆராய்வதற்கு ஒரு நியாயம் உண்டு: பாவும் ஊடையும் வாங்கி மீட்டர் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களும், ஷிப்டு முறையில் நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் சென்று வருவோரும், நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் வியாபாரிகளும் நிறைந்த ஓர் ஊருக்கு, இந்த நூல் தன் உட்பொருளில் ஒரு முக்கியமான பகுதியை எளிதில் திறந்து காட்டுகிறது.

வாசிப்பின் மரபு

பிரயாணத்தையும் வாசிப்பையும் ஒன்றோடொன்று இணைத்தவர் இந்நூலின் ஆசிரியராகிய லூக்காவே. எட்டாம் அதிகாரத்தில், எருசலேமுக்குச் சென்று திரும்பும் எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷ அதிகாரி ஒருவர், காசாவுக்குச் செல்லும் வழியில் இரதத்தில் அமர்ந்தபடியே ஏசாயாவின் ஆகமத்தை வாய்விட்டு வாசிக்க, அதை வழியில் வந்த பிலிப்பு கேட்டு நெருங்குகிறார். பதினேழாம் அதிகாரத்தில், பெரோயா பட்டணத்தார் தாங்கள் கேட்ட உபதேசம் மெய்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்ததாகச் சொல்லி, அதற்காகவே அவர்களை ஆசிரியர் பாராட்டுகிறார். முதலாமவர் வாசித்துவிட்டு விளக்கம் கேட்டவர். இரண்டாமவர்கள் விளக்கம் கேட்டுவிட்டு வாசித்துச் சோதித்தவர்கள். பிற்காலத்து அன்றாட வாசிப்பு மரபுகள் அனைத்தும் இவ்விரண்டு மாதிரிகளுக்குள் அடங்கும்.

தமிழில் இந்த மரபு வேரூன்றிய விதம் கவனிக்கத் தக்கது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகளாகிய சீகன்பால்கும் புளூட்சோவும், ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே என்னும் பேராசிரியரைச் சுற்றி வளர்ந்த பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். வேதபுத்தகம் பாதிரிமாரின் மேசையோடு நின்றுவிடாமல் தச்சன், தையற்காரன், வேலைக்காரி ஆகியோரின் கைக்கும் சேரவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் தலையாய கொள்கை. அதன் பொருட்டே மலிவு விலை வேதாகமங்களை அச்சிடும் கான்ஸ்டைன் நிலையம் 1710இல் ஹாலேயில் ஏற்பட்டது. அதே நோக்கத்தோடு சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க 1708இல் தொடங்கி 1711இல் முடித்தார். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் அதன் முதற்பகுதி 1714இல் வெளிவந்தபோது, நான்கு சுவிசேஷங்களோடு சேர்ந்து வந்த ஐந்தாவது நூல் அப்போஸ்தலருடைய நடபடிகளே. நிருபங்களும் வெளிப்படுத்தின விசேஷமும் 1715இல் தொடர்ந்தன. ஆகவே, தமிழில் அச்சேறிய வேதாகமத்தின் முதல் வாசகர்கள், அப்போஸ்தலராகிய பவுலின் நிருபங்களை அச்சில் காண்பதற்கு முன்பே அவருடைய பிரயாணங்களை அறிந்தவர்களாக இருந்தார்கள்.

அவ்வாசகர்களுள் ஒருவர் தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், இரவலாகக் கிடைத்த அந்த ஐந்து நூல்களின் தொகுதியை விட்டுப் பிரிய மனமின்றி, அதை ஓலையில் பெயர்த்து எழுதத் தொடங்கினார். ஓலையும் எழுத்தாணியும் கொண்டு வரிவரியாக எழுதுகிறவன் அவசரமாக வாசிக்க இயலாது. 1727இல் தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்து, பின் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக ஊழியம் செய்த அவர், அச்சுப் புத்தகத்தின் காலத்தில் ஓலையின் நிதானத்தோடு வாசித்தவர். நாள்தோறும் ஒரு பகுதி என்னும் அட்டவணை முறையைப் பிற்காலத்தில் ஸ்கிரிப்சர் யூனியன் போன்ற ஸ்தாபனங்கள் 1879 முதல் உலகெங்கும் பரப்பின. எனினும் அம்முறையின் சாரம், ராஜநாயக்கனைப் போன்றவர்களின் வாசிப்பில் அதற்கு முன்பே தமிழ்நாட்டில் இருந்தது என்று சொல்வதில் பிழையில்லை.

வறண்ட மேட்டுநிலமும் வணிகப் பெருவழியும்

வடக்கே நொய்யலுக்கும் தெற்கே அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் வெள்ளகோவில் அமைந்திருக்கிறது. கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளரும் ஆடும் காங்கயம் மாடும் இந்நிலத்தின் பழைய செல்வம். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வெள்ளகோவில் கிளைக் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பது இன்றும் இவ்வூர் விவசாயிகளின் முதற் கவலை. இத்தகைய நிலத்தில் வாழ்கிறவர், நடபடிகளின் பதினான்காம் அதிகாரத்தில் வரும் லீஸ்திரா, தெர்பை என்னும் ஊர்களைப் பற்றி வாசிக்கும்போது அவற்றின் இயல்பை ஊகிப்பது கடினமன்று. அவ்விரு ஊர்களையும் உடைய லிக்கவோனியா நாடு மரமற்ற வறண்ட பீடபூமி என்றும், அங்கே கிணறுகள் மிகமிக ஆழமானவை என்றும், சோவாத்திரா என்னும் ஊரில் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது என்றும், அவ்வளவு வறட்சியிலும் அந்நாட்டில் ஆடுகள் செழித்ததால் அமிந்தா என்னும் அரசன் 300க்கு மேற்பட்ட மந்தைகளை வைத்திருந்தான் என்றும் ஸ்திராபோ என்னும் கிரேக்க பூகோள ஆசிரியர் எழுதியிருக்கிறார். மழையையும் பயிர்க்காலங்களையும் தருகிற தேவனைப் பற்றிப் பவுலும் அவருடைய உடன் ஊழியராகிய பர்னபாவும் பேசியது இந்த லீஸ்திராவில்தான். அத்தேனே பட்டணத்தில் தத்துவ ஞானிகளோடு பேசிய அதே பவுல், இங்கே வானத்து மழையைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பேச்சுகளுக்கும் இடையே மூன்று அதிகாரங்கள் உள்ளன; மூன்று நாள் இடைவெளியில் அவற்றை வாசிக்கிறவர், கேட்போரின் நிலத்தையும் நிலைமையையும் அறிந்து பேசிய ஒரு மனிதரைக் காண்கிறார்.

பவுலின் காலத்து ரோம உலகத்தோடு கொங்கு நாட்டுக்கு இருந்த தொடர்பு கற்பனையன்று. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பெருவழி, நொய்யல் கரையை ஒட்டிச் சென்றது. அவ்வாற்றின் வடகரையில், வெள்ளகோவிலுக்கு எட்டும் தூரத்தில் உள்ள கொடுமணல் என்னும் ஊரில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளிலும் பின்னர் நிகழ்ந்தவற்றிலும் மணி செய்யும் பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்கும் தக்களிகளும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பச்சைக்கல்லை ரோமர்கள் விரும்பி வாங்கினார்கள். வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த ரோம நாணயங்களுள் மிகுதியானவை அகுஸ்து, திபேரியு என்னும் இரு சக்கரவர்த்திகளின் முத்திரை தாங்கியவை. அவ்விருவர் பெயரையும் லூக்கா தம் சுவிசேஷத்தில் காலக்குறிப்பாகத் தருகிறார் என்பதை வாசகர் நினைவுகூரலாம்.

நடபடிகளின் கடைசி இரண்டு அதிகாரங்களில் இத்தொடர்பு இன்னும் நெருங்குகிறது. கைதியாகிய பவுலை ஏற்றிச் சென்ற கப்பல்களுள் முதலாவது தவிர மற்றவை அலெக்சந்திரியாவைச் சேர்ந்தவை. அவர் இத்தாலியாவில் கரையிறங்கிய துறை புத்தேயோலி. செங்கடல் வழியாக எகிப்துக்குச் சென்ற மிளகும் துணியும் மணியும் அலெக்சந்திரியாவில் கப்பலேறி இறங்கிய துறையும் அதுவே. புத்தேயோலியில் பவுலை வரவேற்றுத் தங்களோடு ஏழு நாள் இருக்கும்படி வேண்டிக்கொண்ட சகோதரர்கள் எங்கிருந்து அங்கே வந்தார்கள் என்பதற்கு லூக்கா விளக்கம் தரவில்லை. எந்த அப்போஸ்தலரும் அங்கே அனுப்பப்பட்டதாக நூலில் எழுதப்படாதிருக்க, வியாபாரத் துறையில் ஒரு சபை முன்பே இருக்கிறது. பிரசங்கிகளுக்கு முன்னால் சரக்கோடும் கூலியோடும் சென்ற பெயரறியாத விசுவாசிகளே அதற்குக் காரணம் என்று கொள்வது பொருத்தமாகும். இந்தியாவை நோக்கி வந்ததாக மரபு கூறும் அப்போஸ்தலராகிய தோமாவைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டில் சீரிய நாட்டில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்னும் நூலும், அவரைப் பிரசங்கியாக அறிமுகப்படுத்தாமல், ஆபான் என்னும் வியாபாரி விலைக்கு வாங்கி அழைத்துச் சென்ற தச்சராகவே அறிமுகப்படுத்துகிறது. அக்கதையின் விவரங்களை எவ்வளவு நம்பலாம் என்பது தனி ஆராய்ச்சி. வியாபாரியும் தொழிலாளியும் சென்ற வழியிலேதான் நற்செய்தியும் சென்றது என்னும் எண்ணம் ஆதிச் சபையாருக்கு இயல்பாக இருந்தது என்பதற்கு அது போதிய சாட்சி.

தொழிற்கூடத்தில் நடந்த ஊழியம்

பதினாறாம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் பவுலின் பேச்சைக் கேட்டு, தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றுத் தன் வீட்டையே அவர்களுக்குத் திறந்துவிட்ட லீதியாள், தியத்தீரா ஊரைச் சேர்ந்தவள், இரத்தாம்பர வியாபாரி. தியத்தீராவில் கண்டெடுத்த கல்வெட்டுகள் சாயக்காரர், கம்பளி வேலைக்காரர், சணல்துணி நெய்வோர் ஆகியோரின் சங்கங்களைக் குறிப்பிடுகின்றன. அவ்வட்டாரத்துச் சிவப்புச் சாயம் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்தது என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம்; சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளுக்குப் புகழ் தந்த சாயவேரும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததாகும். தன் ஊரின் சாயச் சரக்கைக் கடல் கடந்து மாசிடோனியாவின் ரோமக் குடியேற்ற நகரத்தில் விற்ற ஒரு பெண், ஐரோப்பாவில் பவுல் நிறுவிய முதற்சபைக்கு இடம் தந்தவளாக நிற்கிறாள். சாயப்பட்டறையையும் அதன் சரக்கு செல்லும் தூரத்தையும் அறிந்த திருப்பூர் வட்டார வாசகருக்கு, அவளுடைய செல்வாக்கின் அளவும் அவள் ஏற்ற அபாயத்தின் அளவும் விரிவுரையின்றியே விளங்கும்.

பதினெட்டாம் அதிகாரத்தில் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் பவுல் சந்திக்கிறார். கிலவுதியுராயன் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியதால் பிழைப்புத் தேடி வந்த தம்பதிகள் அவர்கள். பவுலும் அவர்களும் கூடாரம் செய்யும் ஒரே தொழிலினர். பவுல் பிறந்த தர்சு பட்டணத்தைத் தலைநகராகக் கொண்ட சிலிசியா நாடு வெள்ளாட்டு மயிரால் நெய்த முரட்டுத் துணிக்குப் பேர்போனது. அவர் அத்துணியைக் கொண்டு வேலை செய்தாரா, தோலைக் கொண்டு செய்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; ஆனால் பட்டறையில் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்தார் என்பதில் ஐயமில்லை. ரொனால்ட் ஹாக் என்னும் ஆராய்ச்சியாளர் 1980இல் வெளியிட்ட நூலில், பவுலின் பட்டறையே அவர் மனிதரைச் சந்தித்து உபதேசித்த இடங்களுள் முக்கியமானது என்று வாதித்த பிறகு, இத்தொழிலை வாழ்க்கைக் குறிப்பின் ஓரத்தில் ஒதுக்கிவிட இயலாதாயிற்று.

எபேசு பட்டணத்து வரலாறு இதனை உறுதிப்படுத்துகிறது. அங்கே திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் பவுல் இரண்டு வருஷம் அநுதினமும் சம்பாஷித்தார் என்று பத்தொன்பதாம் அதிகாரம் கூறுகிறது. கேம்பிரிட்ஜில் உள்ள பேசா என்னும் பழைய கையெழுத்துப் பிரதியோ, அச்சம்பாஷணை பகலின் ஐந்தாம் மணி தொடங்கிப் பத்தாம் மணி வரை, அதாவது ஏறக்குறைய காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடந்ததாக ஒரு குறிப்பைச் சேர்க்கிறது. இக்குறிப்பு லூக்கா எழுதியதாக இல்லாவிடினும், ஊர் வழக்கத்தை அறிந்தவர் எழுதியது: வெயில் நேரத்தில் பட்டணத்தார் ஓய்வெடுக்க, பாடசாலை காலியாக இருக்க, காலையிலும் மாலையிலும் பட்டறையில் உழைத்தவர் ஓய்வு நேரத்தைப் போதனைக்குக் கொடுத்தார் என்பது அதன் கருத்து. அவருடைய சரீரத்திலிருந்து நோயாளிகளுக்கு எடுத்துச் சென்ற உறுமால்களும் கச்சைகளும், வேர்வை துடைக்கவும் இடுப்பில் கட்டவும் தொழிலாளர் பயன்படுத்திய துணிகள்தாம். மிலேத்துவில் எபேசு மூப்பர்களிடம் விடைபெறுகையில், தமக்கும் தம்முடன் இருந்தவர்களுக்கும் வேண்டியவற்றைத் தம் கைகளே சம்பாதித்தன என்று அவர் தம் கைகளைக் காட்டிச் சொன்ன சொல்லுக்கு இப்போது முழுப் பொருளும் கிடைக்கிறது.

எதிர்ப்பும் தொழிலிலிருந்தே எழுந்தது. பிலிப்பியில் குறிசொல்லும் அடிமைப் பெண்ணால் வந்த ஆதாயம் போயிற்றே என்று அவளுடைய எஜமான்கள் பவுலையும் அவருடன் சென்ற சீலாவையும் பிடித்து இழுத்தார்கள். எபேசுவில் தியானாளின் கோவிலைப் போல வெள்ளியால் சிறு கோவில்கள் செய்து விற்ற தெமேத்திரியு, தன் தொழிலைச் சேர்ந்த கம்மாளரையெல்லாம் கூட்டி, நம் பிழைப்பு போய்விடும் என்று முதலில் எச்சரித்து, தேவியின் மகிமை குறையும் என்பதை அதன் பின்னரே சேர்த்தான். ஆர்டர் நின்றால் ஊரே கலங்கும் தொழில் வட்டாரத்தில் வாழ்கிறவர் தெமேத்திரியுவை வெறும் வில்லனாகக் காணமாட்டார். அவனுடைய பயம் உண்மையான பயம் என்பதை லூக்காவும் மறைக்கவில்லை.

நாட்குறிப்பின் நடை

பதினாறாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில் திடீரென்று நூலின் நடை மாறி, "அவர்கள்" என்பது "நாங்கள்" ஆகிறது. துரோவாவில் தொடங்கிப் பிலிப்பியில் நின்றுவிடும் அந்த நடை, இருபதாம் அதிகாரத்தில் மறுபடியும் பிலிப்பியிலேயே தொடங்குகிறது. இருபத்தேழாம் அதிகாரத்தில் கப்பலில் மூன்றாம் முறை தொடங்கி ரோமாபுரி வரையில் செல்கிறது. இப்பகுதிகள் உடன் சென்றவர் ஒருவரின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டவை என்பது பலர் ஏற்ற கொள்கை. வேகமாக வாசிப்பவருக்குச் சலிப்பூட்டும் இந்தப் பகுதிகளிலேதான் அன்றாட வாசிப்பின் பலன் அதிகம்.

ஓர் உதாரணத்தைக் காட்டலாம். துரோவாவிலிருந்து புறப்பட்டுச் சாமோத்திராக்கே தீவில் ஓர் இரவு தங்கி மறுநாள் நெயாப்போலிக்கு வந்ததாகப் பதினாறாம் அதிகாரம் சொல்கிறது. அதே கடலை எதிர்த்திசையில் கடக்க ஐந்து நாள் ஆயிற்று என்று இருபதாம் அதிகாரம் சொல்கிறது. இரண்டு கணக்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில், காற்றின் சாதகமும் பாதகமும் அந்தக் குறுகிய எழுத்தில் அப்படியே பதிந்திருப்பது தெரியும். துரோவாவில் வாரத்தின் முதல் நாளில், மேல்மாடி அறையில், அநேக விளக்குகள் எரிய, நடுராத்திரி வரை பேச்சு நீள, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூக்க மயக்கத்தால் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான் என்னும் சம்பவமும் அவ்வாறே. அந்நாள் ரோம உலகில் விடுமுறையன்று. பகலெல்லாம் உழைத்தவர்கள் இராத்திரியில் கூடினார்கள். நைட் ஷிப்டு முடித்து ஆராதனைக்கு வருகிற வாலிபனுக்கு ஐத்திகுவின் தூக்கத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனைக் கண்டித்து ஒரு சொல்லும் லூக்கா எழுதவில்லை என்பதையும் அவன் கவனிப்பான்.

இருபத்தேழாம் அதிகாரத்தின் கடற்பிரயாணத்தை ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் ஸ்மித், கப்பலோட்டும் அனுபவத்தோடு மத்தியதரைக் கடலில் சோதித்து 1848இல் ஒரு நூலாக வெளியிட்டார். கிலவுதா தீவிலிருந்து மெலித்தா வரையில் புயலில் அகப்பட்ட கப்பல் எவ்வளவு வேகத்தில் அடித்துச் செல்லப்படும் என்று அவர் கணக்கிட்டபோது, லூக்கா சொல்லும் பதினான்காம் இராத்திரிக்கு அது மிக நெருங்கி வந்தது. கல்வெட்டுகளும் இவ்வாறே துணை செய்கின்றன. தெசலோனிக்கேயின் அதிகாரிகளுக்கு லூக்கா கொடுக்கும் பொலித்தார்க்கர் என்னும் அரிய பதவிப்பெயர் அந்நகரத்து வாயிற் கல்வெட்டிலேயே கிடைத்தது. கொரிந்துவில் பவுல் மீது வந்த வழக்கைத் தள்ளிவிட்ட கல்லியோன் அகாயா நாட்டின் அதிபதியாய் இருந்தது ஏறத்தாழ கி.பி. 51-52 என்பதை, தெல்பியில் கண்ட கிலவுதியுராயனின் கடிதக் கல்வெட்டு நிச்சயப்படுத்துகிறது. பவுலின் வாழ்க்கைக் காலக்கணக்கு முழுவதற்கும் அதுவே அச்சாணி.

நிருபங்களோடு ஒப்பிட்டு வாசித்தல்

நடபடிகளை மட்டும் வாசிப்பவர் பாதி சாட்சியத்தைக் கேட்டவரே. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தாம் ஐந்து முறை யூதரால் முப்பத்தொன்பது அடி பெற்றதாகவும், மூன்று முறை மிலாறுகளால் அடிபட்டதாகவும், மூன்று முறை கப்பற்சேதத்தில் இருந்ததாகவும் பவுல் குறிப்பிடுகிறார். அந்நிருபம் ரோமாபுரிப் பிரயாணத்துக்கு முந்தியது. நடபடிகளில் விவரிக்கப்பட்ட கப்பற்சேதமோ அதற்குப் பிந்திய மெலித்தாச் சேதம் ஒன்றே. மிலாறடியும் பிலிப்பியில் ஒன்றே சொல்லப்படுகிறது. ஆகவே லூக்கா எழுதாமல் விட்டவை, எழுதியவற்றினும் அதிகம். இன்னும், மாற்குவை உடன் அழைத்துச் செல்வதைப் பற்றிப் பவுலும் பர்னபாவும் கடுமையாகப் பிரிந்ததைப் பதினைந்தாம் அதிகாரம் சொல்கிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபமோ, புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்பதைப் பற்றி அந்தியோகியாவில் எழுந்த சண்டையில் பர்னபாவும் பின்வாங்கியதாகச் சொல்கிறது. பந்தி வேற்றுமை என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டுச் சபைகள் தங்கள் சொந்தச் சரித்திரத்தில் அறியும். ஆகையால் இவ்விரு அறிக்கைகளையும் அடுத்தடுத்த நாள்களில் வாசிப்பது இங்கே வெறும் பண்டித விசாரணையாக முடியாது. ஆனாலும், கைத்தொழில் செய்து பிழைத்தவர்களாகத் தம்மோடு பர்னபாவையும் சேர்த்துக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் மதிப்போடு குறிப்பிடுகிறார். பிற்பட்ட நிருபங்களில் மாற்கு உதவியாளராகத் திரும்பி வருகிறார்.

இவ்வாறு வாசித்துச் செல்கையில் இன்னொன்றும் தெளிவாகிறது. முதலாம் பிரயாணம், இரண்டாம் பிரயாணம், மூன்றாம் பிரயாணம் என்ற இலக்கங்கள் லூக்கா இட்டவையல்ல. பிற்கால வாசகர் வகுத்துக்கொண்ட பிரிவுகள் அவை. கொரிந்துவில் ஒன்றரை வருஷம், எபேசுவில் ஏறக்குறைய மூன்று வருஷம், செசரியாவின் காவலில் இரண்டு வருஷம், ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் என்று கூட்டிப் பார்த்தால், நடந்த நாள்களைவிடத் தங்கிய நாள்கள் மிகப் பல. அப்போஸ்தலரின் வெற்றி கால்களின் வேகத்தால் வந்ததாகத் தேசப்படம் காட்டுகிறது. ஓர் ஊரில் தொழில் செய்து, ஒரு வீட்டில் உண்டு உறங்கி, ஒரே மனிதர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகியதால் வந்ததாக நூல் காட்டுகிறது. அந்தத் தங்கலுக்கு இடம் தந்தவர்கள் லீதியாள், யாசோன், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா முதலான வீட்டுக்காரர்கள். தெசலோனிக்கேயில் விருந்தாளிகளுக்காக ஜாமீன் கொடுத்து அகப்பட்டவன் யாசோனே. பவுல் இராத்திரியோடு இராத்திரியாக அடுத்த ஊருக்குப் போய்விட்டார், யாசோன் அந்த ஊரிலேயே இருந்தாகவேண்டும்.

கொங்கு நாட்டுச் சபைச் சரித்திரத்துக்கு ஒரு பாடம்

கொங்கு நாட்டில் புராட்டஸ்டண்டு ஊழியம், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் குடியேறியதோடு நிலைபெற்றது. அந்நாளில் வெள்ளகோவிலும் காங்கயமும் தாராபுரமும் ஈரோடும் கோயம்புத்தூர் ஜில்லாவின் பகுதிகளே. பின்னர் ஈரோட்டில் ஊழியம் செய்த எச். ஏ. பாப்லி தமிழ் இசையைப் பயின்று, வேதக் கதைகளைக் கதாகாலட்சேபமாக நடத்தி, எழுத்தறியாதவர்களின் செவிக்கும் அவை சேரும்படி செய்தார். இந்திய இசையைப் பற்றி 1921இல் அவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

இவர்களுடைய தொண்டைப் போற்றும்போதே, அப்போஸ்தலரின் நிலைக்கும் இவர்கள் நிலைக்கும் இருந்த வேற்றுமையை மறைக்காமல் சொல்வது முறை. பவுல் ஆளப்பட்ட ஜாதியாரைச் சேர்ந்தவர். ரோமக் குடியுரிமை பெற்றிருந்தும் ரோம அதிகாரிகளால் அடிக்கப்பட்டவர். கடைசியில் அவ்வரசின் கைதி. ஐரோப்பிய மிஷனரிகளோ ஆளும் ஜாதியாரின் நாட்டிலிருந்து, சங்கத்தின் சம்பளத்தோடு வந்தவர்கள். பவுலின் பிரயாணத்தைத் தங்கள் ஊழியத்துக்கு மாதிரியாக அவர்கள் எடுத்துக்கொண்டது இயல்பே. எனினும் பவுலின் நிலைக்கு உண்மையில் அண்மையில் இருந்தவர்கள், அவர்களோடு கிராமம் கிராமமாக நடந்த தமிழ் உபதேசியார்களும், வீடு வீடாகச் சென்று வாசித்துக் காட்டிய வேதாகம ஸ்திரீகளும், தங்கள் திண்ணையை ஜெபக்கூட்டத்துக்குக் கொடுத்து உறவினரின் பகையைத் தாங்கியவர்களுமே ஆவர். நடபடிகளை நிதானமாக வாசித்தவர், கொங்கு நாட்டுச் சபையின் சரித்திரத்தை எழுதப் புகும்போது ஆடிஸைத் தேடுவதோடு நில்லாமல் யாசோனையும் லீதியாளையும் தேடுவார். எழுதும் முறையையே இந்த வாசிப்பு திருத்துகிறது என்பதனாலேயே இதை ஆராய்ச்சிக்கு உரிய வாசிப்பு என்கிறேன்.

இதனைத் தொடங்க விரும்புவோருக்கு ஒரு கிரமத்தைச் சொல்லலாம். நாளுக்கு ஓர் அதிகாரமாக நான்கு வாரத்தில் நூலை ஒரு முறை முடிப்பது முதற்படி. இரண்டாம் முறை, பதினைந்தாம் அதிகாரத்துக்குப் பின் கலாத்தியர், பதினாறுக்குப் பின் பிலிப்பியர், பதினேழுக்குப் பின் தெசலோனிக்கேயர், பதினெட்டுக்குப் பின் கொரிந்தியர், இருபதாம் அதிகாரத்தில் பவுல் கிரேக்க தேசத்தில் தங்கிய மூன்று மாதத்தோடு ரோமர் என்று நிருபங்களை இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம். அவை எழுதப்பட்ட காலமுறை இதுவே என்று கொள்ளவேண்டியதில்லை, எந்த ஊராரோடு பேசுகின்றனவோ அந்த ஊரின் கதைக்குப் பக்கத்தில் அவற்றை வைப்பதே நோக்கம். ஒவ்வொரு நாளும் மூன்று கேள்விகள் போதும்: இன்று இவர்கள் எந்த வழியாக எவ்வளவு தூரம் சென்றார்கள்? யார் வீட்டில் தங்கினார்கள்? யாருடைய உழைப்பால் உண்டார்கள்? வெள்ளகோவிலிலிருந்து மேற்கே காங்கயம் சுமார் 20 கிலோமீட்டர், கிழக்கே கரூர் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பிலிப்பியிலிருந்து தெசலோனிக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்பதை இந்த அளவால் அளந்து பார்த்தால், முதுகில் மிலாறடியின் காயத்தோடு புறப்பட்ட இருவருக்கு அந்த வழி எத்தனை நாள் வழி என்பது கணக்குக்கு வரும்.

இத்தகைய வாசிப்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. முதல் நூற்றாண்டின் சாதாரண ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள், எப்படி ஊர்விட்டு ஊர் சென்றார்கள், ஒரு புதிய எண்ணத்தை எப்படிக் கைமாற்றினார்கள் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் இந்நூல் ஒப்பற்ற ஆதாரம். அதற்கு உரை எழுதியவர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலைகளிலும் குருமடங்களிலும் இருந்து எழுதினார்கள். அவர்களுடைய கல்விக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் பட்டறைக் கூலியையும், சரக்கு வழியையும், பிழைப்புக்காக ஊர் மாறுவதையும், இராக் கூட்டத்தின் களைப்பையும் தம் சரீரத்தில் அறிந்தவர்கள் சொல்லவேண்டிய விளக்கம் ஒன்று உண்டு. நூல் மில்லிலும் தறிக்கூடத்திலும் உழைக்கும் வாசகர்கள், தாங்கள் அன்றாடம் வாசித்துக் கண்டவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைப்பார்களானால், தொழிலாளியாகிய பவுலைப் பற்றிய நூலுக்குத் தொழிலாளர் எழுதிய உரை ஒன்று தமிழுக்குக் கிடைக்கும். அவ்வுரை வரவேண்டும், அதை எழுதும் தகுதி அவர்களுக்கு முழுமையாக உண்டு.